பக்கத்து ஆளைப் பார்த்துக் கற்கும் தொழில்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

சிறு தொழிற்கூடம் எதுவாயினும், அதை நடத்துவோர் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், அது ஒரு பள்ளிக்கூடமாகவும் இருந்து வருகிறது. பெரிய ஆலைகளில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயிற்சியளிக்கத் தனிப் பிரிவு உண்டு. அச்சிட்ட புத்தகம் உண்டு. கற்கும் காலத்திற்குச் சம்பளமும் உண்டு. நம் மாவட்டத்தில் மிகுதியாக உள்ளவை அத்தகைய ஆலைகள் அல்ல. அருப்புக்கோட்டையில் நாலைந்து தறி ஓடும் கொட்டகை, சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் கூடம், ஊர்ப்புறத்துச் சாயப்பட்டறை, சிவகாசியில் அச்சகம், தீப்பெட்டிக் கூடம், பட்டாசு ஆலையின் சிறு அறைகள் ஆகிய இவைதாம் இங்கே மிகுதி. இங்கெல்லாம் புதிய ஆளைப் பழைய ஆளின் பக்கத்தில் உட்கார வைத்து, “இவரைப் பார்த்துச் செய்” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி நகர்ந்து விடுகிறார். பாடம் அவ்வளவே.

அந்தப் பாடத்தில் புதியவர் உண்மையில் எதைக் கற்கிறார் என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த விஷயம். நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் ஏட்டில் பட்டாசைப் பற்றிப் பேசுவானேன் என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி; அங்கே குடும்பத்தில் ஒருவரேனும் பட்டாசு வேலைக்குப் போகாத தெருவைக் காண்பது அரிது. அதுவன்றி மற்றொரு காரணமும் உண்டு. தறியில் படிந்துவிட்ட தவறான பழக்கம், துணி விலைக்குப் போய்த் திரும்பி வந்த பிறகே தெரியும். பட்டாசு அறையில் அது அந்தக் கணத்திலேயே தெரிந்துவிடுகிறது. பழக்கம் எவ்வாறு உண்டாகிறது என்று கற்றறிய அதனினும் தெளிவான இடம் இல்லை.

கல்கத்தாவில் பெற்ற கல்வி

1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கும் பொருட்டுக் கல்கத்தா சென்றனர். அங்கே சில மாதங்கள் தங்கி, வேலையைக் கண்ணால் பார்த்தும் கையால் செய்தும் தேர்ந்து, 1923-இல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களை வருவித்தும் பார்த்தனர். எனினும் இவ்வூரில் நிலைத்தது கைத்தொழில் முறையே. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபில் வேண்டியிருந்தமையால் அச்சுத் தொழிலும் வேரூன்றியது.

இத்தனைக்கும் பின்னால் ஒரு கல்லூரி இருந்ததில்லை. இருவர் கற்று வந்ததை மைத்துனர் கற்றார். அவரிடம் பக்கத்து வீட்டார் கற்றனர். மாமியாரிடம் மருமகள் கற்றாள். நாடெங்கும் தீபாவளிக்கு வெடிக்கும் பட்டாசின் பெரும்பகுதி இவ்வாறு பார்த்துப் பழகிய கைகளிலிருந்தே புறப்படுகிறது. ஆகையால், பார்த்துக் கற்கும் முறையை இழிவாக எண்ணுவோர் சிவகாசியின் வரலாற்றை அறியாதவர் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் கண்ணுக்கு ஒரு குணம் உண்டு. அது நல்லதைத் தனியே பிரித்தெடுத்துப் பார்ப்பதில்லை. பழைய ஆளின் கைநேர்த்தியைக் கற்கும் அதே கண், அவர் அவசரத்தில் செய்யும் குறுக்கு வழியையும் சேர்த்தே கற்றுக் கொள்கிறது. கைநேர்த்தி வர ஆறு மாதம் ஆகும். குறுக்கு வழி ஆறு நாளில் வந்துவிடும்.

மருந்தின் குணம்

இதை விளங்கிக்கொள்ள மருந்து கலக்கும் அறையைச் சிறிது பார்க்க வேண்டும். பட்டாசு மருந்தில் முக்கியமானவை மூன்று: வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். வெடியுப்பு எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. தனித்தனியே இருக்கும்போது ஓரளவு அடங்கியிருக்கும் இப்பொருள்கள், சலித்துக் கலந்த பிறகு உராய்வுக்கும் தீப்பொறிக்கும் இடம் கொடுத்துவிடுகின்றன. அதனாலேயே கலப்பவர் பருத்தி உடை உடுத்த வேண்டும், இரும்புக் கருவி கூடாது, தரையில் மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்தும் ரப்பர் விரிப்பு இருக்க வேண்டும், உள்ளே நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைய வேண்டும், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது என்றெல்லாம் ஏற்பாடுகள் உள்ளன. உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் ஒரு சிறு பொறியாகப் பாய்ந்தாலே போதும். நைலான் சேலையைக் கழற்றும்போது இருட்டில் சடசடவென்று கேட்பதை வீட்டில் எல்லோரும் அறிவர். அந்த ஓசைதான் அது.

இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பார்ப்போம். அன்று கலந்த மருந்தை அன்றே செலுத்தி முடிக்க வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது என்பது விதி. ஏன்?

அலுமினியப் பவுடரில் ஈரம் பட்டால் இரண்டும் மெல்ல வினைபுரிந்து வெப்பம் உண்டாகிறது. எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிப்படுகிறது. பக்கத்தில் வெடியுப்பு இருந்தால் அதுவும் சிதைந்து அம்மோனியா பிறக்கும். அந்த அம்மோனியா காரத்தன்மை உடையது. காரம் சேரச்சேர அலுமினியம் மேலும் விரைந்து வினைபுரியும். இவ்வாறு வெப்பம் தன்னைத்தானே வளர்த்துக் கொள்கிறது. குவியலாக மூடிவைத்த மருந்தின் நடுவில் உண்டான வெப்பம் வெளியேற வழியில்லை. இரவெல்லாம் யாரும் தொடாமல் கிடந்த கலவை, யாரும் அருகில் இல்லாத வேளையிலேயே பற்றிக்கொள்ளக்கூடும். அல்லது காலையில் ஒருவர் கை வைக்கும்போது பற்றும். மருந்திலிருந்து மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால், உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்பதே பொருள். போரிக் அமிலம் சிறிது சேர்ப்பது இந்தக் காரத்தை அடக்கி வைப்பதற்காக. ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும் நாட்களில் அபாயம் பெருகுவதும் இதனாலேயே.

இக்காரணம் தெரியாத புதியவரிடம் “மிச்சம் வைக்காதே” என்று மட்டும் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? முதலாளிக்குப் பொருள் வீணாகக் கூடாது என்று சொல்லுகிறார்கள் போலும் என்றே நினைப்பார். மாலையில் ஒரு படி மருந்து மிஞ்சினால், திட்டு வாங்காதபடி அதைச் சாக்கில் சுற்றி மூலையில் வைப்பார். சிக்கனம் என்று எண்ணிச் செய்த காரியம் அது. விதியை மீறியதாகவே அவருக்குத் தோன்றாது. காரணத்தைச் சொல்லாத விதி, கேட்பவர் மனத்தில் தவறான காரணத்தைத் தானே வைத்துக் கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கூலி கற்பிக்கும் பாடம்

அறைச் சுவரில் “நிதானமாக வேலை செய்க” என்று எழுதியிருக்கிறது. சனிக்கிழமை எண்ணித் தரும் கூலியோ செலுத்திய குழாய்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இவ்விரண்டு ஆசிரியர்களுள் எவர் பேச்சு ஏறும் என்று கேட்கவும் வேண்டுமா? உருப்படிக் கூலி தீயது என்பது நம் கருத்தன்று. நெசவாளருக்கு அது தலைமுறை தலைமுறையாகப் பழக்கமானது. எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதையே கற்பிக்கிறோம் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தீபாவளி நெருங்கும்போது வேகத்திற்குக் காசு கூடுகிறது. மழையில் இழந்த நாட்களைப் பிடிக்க வேண்டிய நெருக்கடியும் சேர்கிறது. வெப்பம் ஏறுமுன் காலை வேளையிலேயே கலக்கும் வேலையை முடிக்க வேண்டியிருக்க, நண்பகலிலும் கலக்கத் தொடங்குகிறார்கள். புதியவர் தொழிலுக்கு வந்து சேருவதும் பெரும்பாலும் இதே பருவத்தில்தான். ஆண்டின் மிக மோசமான மாதத்தில் பள்ளியைத் திறப்பது போன்றது இது.

நம் சங்கங்களிலும் இதன் சாயல் இல்லாமலில்லை. துணி பெறும் மேசையில் இழை அறுந்த இடத்தைக் கண்டவுடன் கூலியில் பிடித்தம் செய்தால், நெசவாளர் கற்பது இழையைப் பிணைக்கும் முறையை அன்று. பழுதை உள்மடிப்பில் வைத்து மடிக்கும் முறையை. பிடித்தம் செய்த எழுத்தருக்குத் தாம் ஒரு வகுப்பு நடத்தியது தெரியாது.

உறவும் மரியாதையும்

சிறு கூடங்களின் நடத்தையைப் பற்றிப் பேசுகிற நூல்கள் பல, மேலாளர் என்றும் பணியாளர் என்றும் இரண்டு சாதி மனிதர்களைக் கற்பித்துக்கொண்டு பேசுகின்றன. நம் கிராமத்துப் பட்டாசு அறையில் இருப்பவர் அத்தையும் சித்தியும் மதினியும் ஆவர். போர்மேனோ இருபத்தைந்து வயதுப் பிள்ளை. பயிற்சி பெற்றவர், சட்டப்படி பொறுப்பு உடையவர். எனினும் தம்மைத் தூக்கி வளர்த்த சித்தி மருந்துப் பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும்போது அவர் எப்படிச் சொல்வார்? அதட்டினால் ஊரில் பேச்சு வரும். சொல்லாமல் விட்டால் அன்று முதல் எல்லோரும் பெட்டியை இழுப்பார்கள்.

காரணம் தெரிந்திருப்பதன் பயன் இங்கேதான் நன்கு விளங்கும். “சித்தி, இழுக்காதீங்க, தூக்கிக்குங்க. அடியிலே சிந்தின மருந்து தரையோட உரசினா பத்திக்கும். நான் சொல்றதா நினைக்காதீங்க, மருந்தோட குணம் அது” என்று சொல்லும்போது வயது குறுக்கே வருவதில்லை. கட்டளையாக இருந்தது செய்தியாக மாறிவிடுகிறது. அதைக் கேட்ட சித்தி, மறுநாள் புதிதாக வந்த பெண்ணுக்கு அதே சொல்லால் சொல்லிக் கொடுக்கவும் முடியும். கட்டளையைப் பிறருக்குக் கைமாற்ற முடியாது; காரணத்தைக் கைமாற்றலாம்.

முன்காலத்தில் பிள்ளைகள் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டத்தில் தீக்குச்சி அடுக்கியும் பெட்டிக்கு லேபில் ஒட்டியும் இத்தொழிலுக்குள் வந்தனர். அவர்கள் இழந்தது பள்ளிப்படிப்பும் உடல்நலமும். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கில் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் பிள்ளையை அமர்த்திய முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் ரூ. 20,000 செலுத்த வேண்டும் என்று அது கூறிற்று. அந்தப் பழைய வழி அடைபட்டது மிக நன்று. ஆனால் அதற்குப் பின் வயது வந்தவர்கள் நேரே வேலைக்குள் நுழைகிறார்கள். பத்தாண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பழக்கம் அவர்களுக்கு இல்லை. அந்த இடைவெளியைத் திட்டமிட்ட பயிற்சியால் நிரப்ப வேண்டியது முதலாளிகளின் கடமை. எல்லோரும் அதைச் செய்தார்கள் என்று சொல்லக்கூடவில்லை.

முதலாளியின் வீடு எங்கே?

வெடிமருந்துத் தொழிலில் பெயர்பெற்ற ஒரு பழைய நிறுவனத்தின் கதையை இங்குச் சொல்லலாம். பிரெஞ்சு நாட்டில் லவாய்சியேவிடம் இத்தொழிலைக் கற்ற எலூதேர் இரெனே டூபாண்ட் என்பவர், 1802-இல் அமெரிக்காவில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் வெடிமருந்து ஆலை அமைத்தார். ஆலைக்கு அருகிலேயே வீட்டைக் கட்டி மனைவி மக்களுடன் குடியேறினார். புதிதாகக் கட்டிய கூடத்தை முதலில் நிர்வாகத்தார் தாமே இயக்கிப் பார்த்த பிறகே தொழிலாளர் உள்ளே போக வேண்டும் என்றும் அங்கே விதி வகுக்கப்பட்டது. அப்படியும் விபத்து வராமல் போகவில்லை. 1818-இல் நேர்ந்த வெடிப்பில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். டூபாண்டின் மனைவியும் காயமுற்றார். ஆனால் அந்த வெடிப்பு கற்பித்ததைக் கேட்க வேண்டியவர் அங்கேயே இருந்தார் என்பதை நோக்குக.

இப்போது நம் பக்கம் வருவோம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். உரிமம் பெற்றவர் ஒருவர் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு எடுத்துப் பலர் வேலை நடத்தினர் என்பது விசாரணையில் வெளிவந்தது. உள்குத்தகை சட்டத்திற்குப் புறம்பானது என்பதை யாவரும் அறிவர். கல்வியின் நோக்கில் அதற்கு மற்றொரு தீங்கும் உண்டு. இந்தப் பருவத்திற்கு மட்டும் அறையை எடுத்தவருக்கு அடுத்த ஆண்டின் தொழிலாளரைப் பற்றி என்ன கவலை? அவர் கற்றுக் கொடுப்பதற்குச் செலவிடும் ஒரு மணி நேரமும் அவருக்கு நட்டக் கணக்கே. உரிமக்காரரோ அங்கே இல்லை. ஆக, அறையில் இருப்பவருள் எவருக்கும் ஆசிரியராக இருக்க வேண்டிய காரணம் கிடையாது.

சொல்லாமல் விட்டவை

பெரிய விபத்து ஒன்றுக்கு முன் சிறு சிறு அறிகுறிகள் பல தோன்றியிருக்கும். சலிக்கும்போது ஒரு பொறி தெரிந்து அணைந்திருக்கும்; மருந்து கையில் சுட்டிருக்கும்; வாடை வந்திருக்கும். அவற்றை யார் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? சொன்னால் அன்றைய வேலை நிற்கும், கூலி போகும், அதிகாரிகள் வந்து அறையைப் பூட்டிவிட்டால் நாற்பது குடும்பத்தின் பிழைப்பு போகும், “உன்னால்தானே” என்ற பழியும் வரும். இத்தனையையும் எண்ணி வாய்மூடியவரைக் குறை கூறுவது நேர்மையாகாது. சொன்னவருக்கு அன்றைய கூலி குறையாது என்ற ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டுப் பிறகு குறை கூறலாம்.

ஊராரும் கற்க வேண்டிய ஒன்று உண்டு. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். முதல் வெடிப்பைக் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்குமாக ஓடிச் சென்ற சுற்றுப்புறத்தார் பலர், அடுத்துப் பெரிதாக வெடித்தபோது அங்கே சிக்கினர். நல்ல மனம் கொண்டு ஓடியவர்கள் அவர்கள். பட்டாசு ஆலையில் தீ என்றால் ஒரு வெடிப்போடு நில்லாது, அறை அறையாகத் தொடரும் என்ற செய்தி அவர்களுக்கு முன்னமே சொல்லப்பட்டிருக்க வேண்டும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு இளைஞரிடம் இதை இன்றே சொல்லி வைப்பது நலம்: ஓட வேண்டியது எதிர்த் திசையில், பின்னர்த் தீயணைப்புப் படைக்கு வழிவிட வேண்டும்.

பழைய ஆளுக்கும் தெரியாதபோது

பக்கத்து ஆளைப் பார்த்துக் கற்கும் முறை, பக்கத்து ஆளுக்குத் தெரிந்தவரைதான் செல்லும். 1992-இல் கந்தகத்தோடு குளோரேட் உப்பைக் கலப்பது தடுக்கப்பட்டது. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் விலக்கிப் பசுமைப் பட்டாசு என்ற புது வகையை மட்டும் அனுமதித்தது. கலவை மாறினால், பார்த்தவுடன் மருந்தின் பதத்தைச் சொல்லும் முதியவரின் கண்ணும் புதிதாகப் பழக வேண்டியதாகிறது. முப்பதாண்டு அனுபவம் உடையவர் அந்த ஒரு பொருளில் புதியவரே. இதை ஒப்புக்கொள்ள அனுபவசாலிகளுக்குக் கூச்சம் வருவது இயற்கை. தொழிலகப் பாதுகாப்புத் துறை சிவகாசியில் போர்மேன்களுக்கும் மருந்து கலப்போருக்கும் பயிற்சி நடத்துகிறது. அங்கே சென்று திரும்பியவர் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டுவதோடு நின்றால் பயன் அவரோடு முடிந்துவிடும். திரும்பிய அதே வாரத்தில், கற்றதில் ஒன்றையேனும் அறையிலுள்ள மற்றவர்க்குச் செய்து காட்டச் சொல்லி முதலாளி அரைமணி ஒதுக்க வேண்டும். அந்த அரைமணிக்கும் கூலி உண்டு என்று முன்னமே சொல்லிவிட வேண்டும்.

நம் கூடங்களில் செய்யத்தக்கவை

1844-இல் ராச்டேல் நெசவாளரும் தொழிலாளரும் தொடங்கிய கடை, பிற்காலத்தில் தன் ஆதாயத்தில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கியது. நம் சங்கங்களிலும் கூட்டுறவுக் கல்வி நிதி என ஒன்று உண்டு. அதைக் கொண்டு தறிக்கூடத்திலோ சாயப்பட்டறையிலோ புதிதாகச் சேருபவருக்கு முதல் இரண்டு வாரம் நாட்கூலி கொடுக்க வகை உண்டா என்று அடுத்த நிர்வாகக் குழுவில் கேட்கலாம். வேகத்தை நினையாமல் கற்க அவருக்குக் கிடைக்கும் காலம் அது ஒன்றே. கற்பிக்கும் பழைய ஆளுக்கும் அந்நாட்களில் உருப்படி குறையும். அந்தக் குறையை ஈடுகட்டாவிட்டால் அவர் கற்பிக்க மாட்டார். கற்பிக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் முறையாகாது.

பட்டாசு நமக்குத் தொலைவு என்று எண்ணுவோர் தம் சாயப்பட்டறையையே சென்று பார்க்கலாம். வாட் சாயத்திற்குப் பயன்படுத்தும் ஹைட்ரோஸ் டப்பா அங்கே இருக்கும். அதில் சிறிது ஈரம் பட்டாலும் வெப்பம் மிகுந்து தானே புகைந்து எரியக்கூடியது. கிளம்பும் கந்தகப் புகை மூச்சை அடைக்கும். நிறையத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடுகிற அதே பொருள், நாலு சொட்டு மழைத் தண்ணீர் தெறித்தால் பற்றுகிறது. ஈரக் கரண்டியை உள்ளே விடாதே, மூடியைத் திறந்து வைக்காதே என்று எல்லாப் பட்டறையிலும் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். நாளைக் காலையில் பட்டறைக்குப் போகிற அங்கத்தினர், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஆளைக் கூப்பிட்டு, “இந்த மூடியை ஏனப்பா மூடி வைக்கிறோம்?” என்று கேட்டுப் பார்க்கட்டும். “தூசி விழாமல் இருக்க” என்று அவர் சொன்னால், அவரைக் கடிந்துகொள்ளாமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்தவரிடமும் அதே கேள்வியைக் கேட்கட்டும்.